வாசப்படியில் சொன்னது

சன்னலோரம் வேண்டாங்கம்மா, வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். இக்கட்ட வாங்க, நான் அங்க மாறிக்கறேன். அந்தப் பையக் குடுங்க, என்ற கால்கிட்ட வெச்சுக்கறேன். சொட்டு மருந்து உள்ளதானுங்களே இருக்குது? நீங்க புளியம்பட்டிங்களா? நான் சத்தியமங்கலமுங்க. புளியம்பட்டி வந்தா நானே எறக்கி விடறேன், நீங்க பேசாம சாஞ்சு உக்காருங்க.

துணைக்கு ஆரும் வரலீங்களா? நேத்துதான் கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணுனதுங்கறீங்க, கருப்புக் கண்ணாடிய மாட்டிட்டு தனியா பஸ் ஏறி வர்றீங்க. பையன் வர்றேன்னு சொன்னாப்லைங்களா. சரி. கம்பெனில லீவு குடுக்கலைங்களா. சரிங்க. "அவன் என்ன கண்ணு பண்ணுவான், பாவம்"ங்கறீங்க. சிரிக்கறீங்க வேற. சிரிக்காதீங்கம்மா. ஊட்டுக்குப் போனதும் ஃபோனைப் போட்டு, ஏன்டா வர்லைன்னு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளுங்க. கேக்காம விட்டீங்கன்னா அவனுக்குத்தான் கஷ்டம். நெசமாத்தான் சொல்றேன்.

நான் ஆரு உங்களுக்கு, இதெல்லாம் சொல்றதுக்கு. கோவிச்சுக்காதீங்க. கண்ணு ஆப்பரேசன், வர்றேன்னு சொன்னது, இது ரெண்டும் சேந்து காதுல விழுந்ததும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. சித்தநேரம் பேசிட்டு வரட்டுங்களா? உங்களுக்குத் தலை வலிச்சா சொல்லிருங்க, நிறுத்திக்கறேன்.

நான் காந்திபுரத்துல ஒரு சென்டர்ல ஜெர்மன் பாஷை சொல்லிக் குடுக்கறனுங்க. அங்க படிக்கப் போற புள்ளைங்களுக்கு. ஒவ்வொரு பேட்சுக்கும் மொத வாரமே ஒரு கதை சொல்லுவேன். புள்ளைங்க சிரிச்சு உருளும். அதை மொதல்ல சொல்றேன், வகுப்புல சொல்ற மாதிரியே.

நம்ம பக்கம் ஒருத்தர் ஊட்டை விட்டுக் கெளம்பறப்ப போறேன்னு சொல்லுவோமுங்களா? சொன்னா என்ற அம்மா வாயிலயே போடும். "போறேன்னு சொல்லாத, வர்றேன்னு சொல்லு." பொறந்ததுல இருந்து அப்படியே பழகிப்போச்சு. ஏழு வருசத்துக்கு முன்னாடி நான் ஜெர்மனிக்குப் படிக்கப் போனேன். துணி சம்பந்தப்பட்ட படிப்புங்க, ஜவுளித் தொழில்நுட்பம். ஊரு பேரு சொன்னா வாயில நுழையாது, விடுங்க. அங்க போயும் இந்தப் பழக்கம் போகலை. கடைக்குப் போனாலும் சரி, ஆபீசுக்குப் போனாலும் சரி, கெளம்பறப்ப "இஷ் கொம்மே"ன்னுதான் சொல்லுவேன். நான் வர்றேன்னு அர்த்தம். அவங்க பாஷையில அப்படிச் சொன்னா நெசமாலுமே வர்றேன்னுதான் அர்த்தமுங்க. தபாலாபீசுல இருக்கறவரு, "ஏன், இன்னும் ஏதாச்சும் அனுப்போணுமா?"ன்னு கேப்பாரு.

எங்க காலேஜ்ல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. வெளியூர்ப் புள்ளைங்களை உள்ளூர்க்காரங்க ஒருத்தரோட சேத்து விடுவாங்க. பாஷை பழகறதுக்கு, அந்த ஊர்ப் பழக்கவழக்கம் தெரிஞ்சுக்கறதுக்கு. எனக்கு வந்தவங்க பேரு ஊத்தே. ஆமாங்க, ஊத்தே. எனக்கு மனசுக்குள்ள ஊத்துக்குளியம்மான்னே ஆயிப்போச்சு. அம்பத்தி நாலு வயசு, ஒத்தைக் கட்டை. புருசனை விட்டு எப்பவோ பிரிஞ்சுட்டாங்க, புள்ளை குட்டி இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டுல வேலை. நெம்ப ஒசரம். பேச்சு மெதுவாத்தான் வரும், எனக்குப் புரியோணும்னு இன்னும் மெதுவாப் பேசுவாங்க.

மொத ஞாயித்துக்கெழமை சாப்பிடக் கூப்பிட்டாங்க. நான் கறி திங்க மாட்டேன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்திருந்தேன். அதுக்காக புதுசா ஒரு சட்டி வாங்கி, அடியில பெயிண்டுல என்ற பேரை எழுதி வெச்சிருந்தாங்க. கறி ஆக்குன சட்டியில எனக்கு ஆக்கக் கூடாதாமா. உருளைக்கெழங்கு சூப்பு, ரொட்டி, அப்பறம் பழம் வெச்சுச் சுட்ட ஒரு கேக்கு. சாப்பிட்டுக் கெளம்பறப்ப பழக்க தோசத்துல "இஷ் கொம்மே"ன்னேன். "எப்போ?"ன்னாங்க. "அடுத்த ஞாயிறு"ன்னு சொல்லி வெச்சேன். ஒரு பேச்சுக்குத்தானுங்க! அவங்க உடனே சமையக்கட்டுல தொங்குன காலண்டர்ல எழுதிட்டாங்க.

அடுத்த ஞாயிறு நான் பக்கத்து நாட்டுல, பிராக் நகரத்துல பாலத்து மேல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கேன். அவங்க கேக்கு சுட்டு வெச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காங்க. இந்த எடத்துல வகுப்புல மொத சிரிப்பு வருமுங்க.

கடைசியா, ஒரு நாள் அவங்க ஊட்டுல இருந்து கெளம்பி வாசப்படியில செருப்பு மாட்டிட்டு இருக்கறப்ப, வெள்ளிக்கெழமை ஆஸ்பத்திரின்னு என்னமோ சொன்னாங்களாமா. நான் வழக்கம் போல "இஷ் கொம்மே, இஷ் கொம்மே"ன்னுட்டு வந்துட்டேன். அவங்களுக்குக் கண்ணு ஆப்பரேசன். கூட்டிட்டுப் போக நான் வருவேன்னு நம்பி ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காங்க. நான் பாரிசுக்குப் போற பஸ்சுல இருக்கேன். "அதனால புள்ளைங்களா, கெளம்பறப்ப அந்த ஊர் மாதிரி மறுபடியும் பாக்கலாம்னு சொல்லிப் பழகுங்க, வர்றேன்னு சொல்லாதீங்க"ன்னு முடிப்பேன். "அய்யோ மேம், பாவம் அந்தம்மா"ம்பாங்க, அப்பறம் சிரிப்பாங்க. ஒரு பாஷை இன்னொரு பாஷையில போய் முட்டிக்கிட்ட கதை. அவ்வளவுதானுங்க கதை.

என்னுங்கம்மா?

என்ன கேட்டீங்க?

"கண்ணு ஆப்பரேசனுக்குத் துணைக்கு வான்னு சொல்றவங்க, வாசல்ல செருப்பு மாட்டறப்பவா கண்ணு சொல்லுவாங்க?"

நாலு வருசமா எத்தனை பேட்சுக்குச் சொல்லியிருக்கேன். ஒரு புள்ளை கூட இதைக் கேட்டதில்லைங்க.

இல்லீங்கம்மா. வாசல்ல சொல்லலை.

சொல்லிர்றனுங்க. உங்களை இனி எங்க பாக்கப் போறேன். நான் கண்ணைத் தொடைச்சா நீங்க பாக்காதீங்க, அவ்வளவுதான்.

மேசையில உக்கார வெச்சுத்தான் சொன்னாங்க. காப்பி போட்டுக் குடுத்து, மூக்குக் கண்ணாடியப் போட்டுட்டு, ஆஸ்பத்திரியில குடுத்த தாளை எனக்கு முன்னால விரிச்சு வெச்சாங்க. சர்க்கரை இருந்துச்சுங்க அவங்களுக்கு, அதனால கண்ணுல சீக்கிரமே புரை வந்துருச்சு. அங்கெல்லாம் மயக்க மருந்து குடுத்தா, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாம வெளிய விட மாட்டாங்க. துணைக்கு வர்றவங்க பேரும் ஃபோன் நம்பரும் அந்தத் தாள்ல எழுதோணும். ஊத்தே விரலை வெச்சு ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சுக் காமிச்சாங்க. "வெள்ளிக்கெழமை. ரெண்டு மணிக்கு நீ வந்தாப் போதும். ட்ராம்ல ஊட்டுக்கு வந்துரலாம். அப்பறம் நான் படுத்துக்குவேன், நீ படிக்கறதுன்னா படிச்சுட்டு இரு. உனக்கு முடியுமா? முடியலைன்னா சொல்லிரு, நான் வேற ஆள் பாக்கறேன்."

முடியலைன்னா சொல்லிருன்னு சொன்னாங்கம்மா. அதையும் சொன்னாங்க.

நான் "இஷ் கொம்மே"ன்னேன். கெளம்பலை. உக்காந்துட்டுத்தான் சொன்னேன். அது எங்கம்மா சொல்லிக் குடுத்த வர்றேன் இல்லீங்க. நெசமாவே வர்றேங்கற வர்றேன். பேரை எப்படி எழுதறதுன்னு கேட்டாங்க. இந்துமதி. ஒவ்வொரு எழுத்தா நான்தான் சொல்லச் சொல்ல அவங்க எழுதுனாங்க. ஃபோன் நம்பர் சொன்னேன். ஒரு தடவை திருப்பிப் படிச்சுக் காமிச்சாங்க, சரின்னு தலையாட்டுனேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம். கேக்குல பெரிய துண்டா வெட்டி வெச்சாங்க. நான் அதையும் தின்னுட்டு வந்தேன்.

ஏன் போகலைன்னு கேப்பீங்க. என்ற கூட ஹாஸ்டல்ல ஜிஷான்னு ஒரு கொச்சிக்காரப் புள்ளை. அவளும் நானும் வாராவாரம் ஊர் சுத்துவோம். திங்கள் தொடங்கி வியாழன் வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது. லேபு, ரிப்போர்ட்டு, அந்த மெசின்ல நூல் அறுந்தா மறுபடியும் மொதல்ல இருந்து. வெள்ளிக்கெழமை காலைல மட்டும் ஒரே ஒரு வகுப்பு. அது முடிஞ்சதும் பையத் தூக்கிட்டு ஸ்டேசனுக்கு ஓடிருவோம். ரயில்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதுவேன், பாதி தூங்குவேன். ஊத்தே ஊட்டுக்கு மாசத்துல ஒரு ஞாயிறு போனாப் பெருசு.

அம்மா வேற. வியாழக்கெழமை ஆனாப் போதும், "இந்த வாரம் எங்க கண்ணு?"ன்னு ஃபோன் வந்துரும். நான் அனுப்பற ஃபோட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கும். ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் காட்டும். ஒரு வாரம் எங்கயும் போகலைன்னு வெய்ங்க, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேக்கும். பாத்தீங்களா, எங்கம்மா மேல பழியப் போடறேன். எங்கம்மா என்னங்க பண்ணுச்சு? அதுக்கு ஊத்தேன்னு ஒருத்தங்க இருக்கறதே தெரியாது. நான் சொன்னதில்லை. ஊத்தே ஊட்டுச் சமையக்கட்டுல ஃபோட்டோ எடுத்து அனுப்புனா ஆரு பாப்பாங்கன்னு விட்டுட்டேன்.

அந்த வாரம் புதன்கெழமை ஜிஷா வந்து, பாரிசுக்கு பஸ்சுல ரெண்டு சீட்டு கெடைச்சிருக்குது, வெள்ளிக்கெழமை மத்தியானம் ஒரு மணிக்குன்னா. எனக்கு ஊத்தே நெனப்பு உடனே வந்துச்சுங்க. மறந்துட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அப்பவே ஒரு ஃபோன் பண்ணி, என்னால முடியலைங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. ரெண்டு நாள் இருந்துச்சு, வேற ஆளைப் பாத்திருப்பாங்க. ஆனா முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. நம்மளுக்கு ஆரையும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லை பாருங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே வெள்ளிக்கெழமை வந்துருச்சு. வளந்த நாடு, ஆஸ்பத்திரியில வண்டி ஏற்பாடு பண்ணாமயா விட்டுருவாங்கன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிட்டு பஸ்சுல ஏறிட்டேன்.

ரெண்டே காலுக்கு ஃபோன் வந்துச்சு. தெரியாத நம்பர். தெரியாத நம்பரென்ன, எனக்குத் தெரியுமுங்க அது எங்கிருந்து வருதுன்னு. மடியில கெடந்து அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடியும் அடிச்சுச்சு. "எடுக்க மாட்டியா, ஆரு?"ன்னு ஜிஷா கேட்டா. "ஏதோ விளம்பரம்"னேன். சத்தத்தை நிறுத்தி பையில போட்டுட்டேன். அப்பறம் பாத்தப்ப நாலு தடவை வந்திருந்துச்சு. கடைசியா ஒண்ணு ஊத்தே நம்பர்லயே.

பாரிசுல கோபுரத்துக்கு முன்னால நின்னு எடுத்த ஃபோட்டோவுல நான் நல்லாத்தான் சிரிச்சிருக்கேன். அம்மா அதைப் பெருசு பண்ணி எங்கூட்டு முன் ரூம்புல மாட்டியிருக்குது. கழட்டும்மான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ஏன்னு கேக்கும். என்னத்தைச் சொல்றது?

அன்னூர் வந்துருச்சுங்க. தண்ணி கிண்ணி வேணுங்களா? வேண்டாமா. சரிங்க, பஸ்சு நிக்கட்டும்.

திரும்பி வந்தும் நான் போய்ப் பாக்கலைங்க. ஃபோன் பண்ணலை. ஒம்பது நாள். அந்தத் தெருப் பக்கம் ட்ராம் போனா அக்கட்ட மூஞ்சியத் திருப்பிக்குவேன். பத்தாவது நாள் ஹாஸ்டல் வாசல்ல ஊத்தே நிக்கறாங்க. ஒரு கண்ணுல பிளாஸ்டிக் மூடி, கையில ஒரு டப்பா. சரி, இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நெனச்சேன். சத்தியமாச் சொல்றனுங்கம்மா, கொஞ்சம் நிம்மதியாக் கூட இருந்துச்சு. திட்டட்டும், அழுது கால்ல விழுந்தர்றேன்னு இருந்தேன்.

அவங்க என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "இந்து, நான் ஒரு முட்டாள். என்னை மன்னிச்சுக்கோ"ன்னாங்க.

ஸ்டேசன் பக்கத்துல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் காய்கறிக் கடை வெச்சிருந்தாரு. கருவேப்பிலை, வெண்டைக்காயெல்லாம் அங்கதான் கெடைக்கும். ஊத்தே அங்க போயி, இந்தப் புள்ளை வர்றேன்னு சொல்லிட்டு ஏன் வரலைன்னு கேட்டிருக்காங்க. அவரு சொல்லியிருக்காரு, எங்கட பாஷையில வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்ல மாட்டம், போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவம் எண்டு. போயிட்டு வர்றேங்கறதைத்தான் அவரு பேச்சுல அப்படிச் சொல்லுவாங்க. ஊத்தே ஒரு சின்னச் சீட்டுல அதை எழுதி வாங்கிட்டு வந்திருந்தாங்க. அதைப் பாத்து என்ற கிட்டப் படிச்சுக் காமிச்சாங்க. "போத்து வாரன்." "நீ விடை பெத்துக்கிட்டே. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். உன்னைச் சங்கடப்படுத்திட்டேன்"ன்னாங்க.

நான் என்ன சொல்லியிருக்கோணும்? நீங்களே சொல்லுங்க. இல்லீங்க, அது வேற, இது வேற, நான் வேணும்னுதான் வரலைன்னு சொல்லியிருக்கோணுமா இல்லையா?

"ஆமாங்க"ன்னேன். ஆமாங்கன்னு சொன்னதோட விட்டனா? "எங்கூட்டுல போறேன்னு சொன்னா அம்மா திட்டும்"னு விளக்கம் வேற குடுத்தேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டப்பாவுல கேக்கு. வாங்கிக்கிட்டேன்.

அன்னிக்கு அவங்க பச்சை பச்சையாத் திட்டியிருந்தா, நாலு நாள் அழுதிருப்பேன், அதோட போயிருக்கும். அதனாலதான் உங்ககிட்ட உங்க பையனைத் திட்டுங்கன்னேன். மன்னிப்பை ஒருத்தர் கேக்காம கையில குடுத்தா அது செரிக்காதுங்கம்மா.

இத்தோட நின்னிருந்தாலும் பரவால்லீங்க.

வெள்ளிக்கெழமை காலைல ஒரு வகுப்புன்னு சொன்னனில்லீங்களா, அது வெவ்வேற நாட்டுக்காரங்க பழக்கவழக்கத்தைப் பத்துன பாடம். கடைசியில எல்லாரும் ஒரு அனுபவத்தைக் கட்டுரையா எழுதி, வகுப்புக்கு முன்னால பேசோணும். எனக்கு எதுவுமே எழுத வரலை. எந்த ஊருக்குப் போனாலும் ஃபோட்டோ எடுத்ததுதான், ஆருகிட்ட நின்னு பேசுனேன் எழுதறதுக்கு? பதினாலு ஊரு பாத்தும் ஒரு பக்கம் தேறலை. கடைசியில ஊத்தே கதைய எழுதிட்டேன். "வர்றேன் என்றால் போகிறேன்"னு தலைப்பு. வாசப்படியும் செருப்பும் அதுலதான் மொதல்ல வந்துச்சு. எழுதிட்டு வர்றப்ப மேசையில நடந்ததை வாசப்படிக்குக் கொண்டு போயிட்டேன். அப்பத்தானே கதை நிக்கும்.

பேராசிரியைக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. உள்ளூர்த் துணையையும் கூட்டிட்டு வந்தா இன்னும் நல்லாருக்கும்னாங்க. நானே போய்க் கூப்பிட்டனுங்கம்மா ஊத்தேவை. ஒரு கூச்ச நாச்சம் இல்லாம. வந்தாங்க. நல்ல சட்டை போட்டுட்டு, கழுத்துல துணி சுத்திட்டு, மொத வரிசையில உக்காந்தாங்க.

நான் பேசுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஊத்தேவையும் ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. அவங்க எந்திரிச்சு, ஆஸ்பத்திரியில சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்ததைச் சொன்னாங்க. போற வர்ற நர்சுகிட்டயெல்லாம் "இந்து வந்துட்டு இருக்கா, வர்றேன்னு சொல்லியிருக்கா"ன்னு சொன்னாங்களாமா. கடைசியில அவங்க தெருவுல இருந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்க வர்ற ஒரு அம்மா வேலை முடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டாங்களாமா. அதுவரைக்கும் எனக்கு இது எதுவும் தெரியாதுங்க. நான் கேட்டாத்தானே. அதுக்கும் வகுப்பு சிரிச்சுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது, ஆனா மூஞ்சியச் சிரிச்ச மாதிரியே வெச்சுட்டு நிக்கறேன்.

அப்பத்தான் பேராசிரியை, நீங்க இப்பக் கேட்டீங்களே, அதே கேள்விய என்னைக் கேட்டாங்க. "ஒரு சந்தேகம். இவ்வளவு முக்கியமான விசயத்தைக் கெளம்பற நேரத்துலயா பேசுனீங்க? அந்த வார்த்தையச் சொன்னது எப்போ, எங்கே?"

நான் ஊத்தேவைப் பாக்கறேன். ஊத்தே என்னைப் பாக்கலை. மடியில இருந்த கைப்பையோட வாரைத் தடவிட்டே சொன்னாங்க.

"வாசப்படியிலதான். செருப்பு மாட்டிட்டு இருந்தா. நான்தான் அந்த நேரத்துல போய்ச் சொன்னேன்."

புரியுதுங்களா உங்களுக்கு? அவங்களுக்குத் தெரியுமுங்க. எல்லாமே தெரியும். மேசையில உக்கார வெச்சு எழுத்தெழுத்தாக் கேட்டு எழுதுனது அவங்க கை. மறந்துருமா? ஹாஸ்டல் வாசலுக்கு அந்தச் சீட்டோட வந்தப்பவே தெரிஞ்சுதான் வந்திருக்காங்க. இவ வேணும்னே வரலைன்னு தெரிஞ்சு, நான் தலை நிமிந்து அவங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு ஒரு வழி தேடிக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. நான் அந்த வழியில நடந்து போயி, அவங்களை ஊரு முன்னால நிறுத்திப் பொய் சொல்ல வெச்சுட்டேன். பொய்யே சொல்லாத பொம்பளைங்க அவங்க. டிக்கெட் இல்லாம ஒரு ஸ்டாப் கூடப் போக மாட்டாங்க.

எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு அந்த வகுப்புலயே பெரிய மார்க்கு.

வெளிய வராந்தாவுல ஊத்தே கோட்டுக்குப் பட்டன் போட்டுட்டு இருந்தாங்க. கண்ணு இன்னும் சரியாப் புடிபடலையாட்ட இருக்குது, பட்டனைத் தடவித் தடவித்தான் போட்டாங்க. நான் பக்கத்துல போய் நின்னேன். சொல்லிரோணும்னுதான் போனேன். வாயத் தொறக்கறேன், அவங்க முந்திக்கிட்டாங்க. "நல்லாப் பேசுனே இந்து. நல்ல மார்க் வரும்." அவ்வளவுதான். எப்பவும் என்ற கன்னத்தைத் தொட்டுட்டுத்தான் போவாங்க, அன்னிக்குத் தொடலை. ஞாயித்துக்கெழமை சாப்பிட வர்றியான்னு கேக்கலை. நான் வந்தாலும் வராட்டியும் அதைக் கேக்காம இருந்ததே இல்லைங்க. அன்னிக்குப் பாத்ததுதான் கடைசி.

ஏன் கண்ணு, அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்கறீங்க. சொல்லியிருக்கலாமுங்க. அவங்க ட்ராம் ஸ்டாப்புக்கு மெதுவாத்தான் நடந்து போனாங்க. பின்னாலயே போயி, ஊத்தே, மேசையிலதான் சொன்னேன், என்னை மன்னிச்சுருங்கன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரமுங்கம்மா ஆகும்? ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம்னு வெய்ங்க.

அந்த நேரத்துல ஃபோன் அடிச்சுச்சு. ஜிஷா. அவ ஸ்டேசன்ல பையோட நிக்கறா. அன்னிக்கும் வெள்ளிக்கெழமைதானுங்களே. வெனிசுக்கு டிக்கெட் போட்டிருந்தோம். "எங்க இருக்கே, வண்டி வரப் போகுது"ங்கறா. எனக்கு அக்கட்ட ஊத்தே முதுகு தெரியுது, இக்கட்ட ஸ்டேசனுக்குப் போற ரோடு.

ஓடினனுங்க. ரயிலைப் புடிச்சுட்டேன்.